தூரம் காத்த கரை

அந்தமான் கடலிலுள்ள சிறிய கடற்கரை ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஓகஸ்ட், செப்டெம்பர் ஆகிய இரு மாதங்களிலும் பிரயாணிகள் எவரும் செல்லலாகாது என்பது 2022ஆம் ஆண்டு முதல் தாய்லாந்து அரசாங்கம் நடைமுறைப்படுத்திவரும் விதி. அக்கரைக்கு வீதி கிடையாது, பாலம் கிடையாது, படகிலே சென்றாலன்றி அங்கே கால் வைக்க இயலாது. அத்தகைய இடத்தையும் பூட்டி வைக்கவேண்டிய தேவை ஓர் அரசாங்கத்துக்கு ஏன் ஏற்பட்டது? உல்லாசப் பிரயாணிகளின் வரவை நம்பி வாழும் நாடுகள் யாவும் ஆராயவேண்டிய வினா இது. நமது நாடும் அவற்றுள் ஒன்றாதலின், அக்கரையின் கதையைச் சற்று விரிவாக நோக்குதல் பொருந்தும்.

அக்கரையின் பெயர் மாயா விரிகுடா. தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாகாணத்துக்கு உட்பட்ட பீபீ தீவுக் கூட்டத்தில், பீபீ லே என்னும் குடியிருப்பற்ற தீவிலே அது அமைந்துள்ளது. மூன்று புறமும் ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கற் குன்றுகள்; நடுவே ஆழமில்லாத பச்சை நீர்; அதன் ஓரத்தில் கால் கிலோமீற்றர் அளவேயான வெண்மணல். இயற்கை இவ்வளவு கவனமாக மறைத்து வைத்த இடங்கள் உலகில் மிகச் சிலவே. நெடுங்காலமாக அத்தீவுக்கு வந்துபோனவர்கள் அந்தமான் கடலோரத்து மீனவரும் கடலோடிகளும், குகைகளில் உழவாரக் குருவிகள் கட்டும் கூடுகளை மூங்கில் ஏணிகளில் ஏறிச் சேகரிப்போருமே. சீனர் சுவைத்துண்ணும் சூப்புக்குரிய அக்கூடுகளுக்கு நல்ல விலையுண்டு. ஆதலால் குகைக்குக் காவல் இருந்தது. விரிகுடாவுக்குக் காவல் எதுவும் தேவைப்படவில்லை. கடலும், காற்றும், தூரமுமே அதன் காவலாளிகள். 1983ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவின் ஒரு பகுதியாக அது பிரகடனஞ் செய்யப்பட்டபோதுங்கூட, சட்டத்தைவிடத் தூரமே அதனை மிகுதியாகக் காத்து நின்றது எனலாம்.

இந்தக் காவல் தளர்ந்த வரலாற்றில் இலக்கியத்துக்கும் ஒரு பங்குண்டு என்பது நமது வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம். 1996ஆம் ஆண்டில் அலெக்ஸ் கார்லண்ட் என்னும் ஆங்கில எழுத்தாளர் ‘கடற்கரை’ எனப் பொருள்படும் பெயருடன் ஒரு நாவலை வெளியிட்டார். வெளியுலகு அறியாத ஒரு தீவின் கரையில், மேனாட்டு இளைஞர் சிலர் தமக்கென ஒரு சொர்க்கத்தை அமைத்துக்கொள்கின்றனர். அந்த இரகசியத்தைக் காப்பதற்காக அவர்கள் படிப்படியாக மனிதத் தன்மையை இழந்து போவதே கதை. நாவலாசிரியர் தம் கதைக்குக் களமாகக் கொண்டது தாய்லாந்து வளைகுடாவிலுள்ள வேறொரு தீவுக் கூட்டத்தை. ஆனால் டனி பொயில் நெறிப்படுத்த, லியனார்டோ டிகாப்ரியோ நடிக்க, அது திரைப்படமானபோது படப்பிடிப்புக்கென மாயா விரிகுடா தெரிந்தெடுக்கப்பட்டது. 1999இல் படம் பிடிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் உலகெங்கும் திரையிடப்பட்டது.

இரகசியம் வெளிப்பட்டால் சொர்க்கம் அழியும் என்று எச்சரித்த ஒரு கதை, தானே ஓர் இரகசியத்தை உலகுக்கு வெளிப்படுத்தியது. படத்தைக் கண்டவர்களுள் எத்தனை பேர் அதன் எச்சரிக்கையை உள்ளத்திற் கொண்டனரோ, நாம் அறியோம். ஆயின் அதன் காட்சியை உள்ளத்திற் கொண்டு புறப்பட்டு வந்தவர்கள் பல இலட்சம் பேர்.

அழிவு படப்பிடிப்பின்போதே தொடங்கிவிட்டது. திரையில் கரை இன்னும் அழகாகத் தோன்றவேண்டும் என்பதற்காக மணல் மேடுகள் இயந்திரங்களால் சமப்படுத்தப்பட்டன. அங்கு இயல்பாக வளர்ந்திருந்த செடிகொடிகள் அகற்றப்பட்டுத் தென்னைகள் நடப்பட்டன. மணலை வேரினாற் பற்றிக் காப்பவை அச்செடிகளே. அவை நீங்கியதும் மழைக்காலத்து அலைகள் மணலை அரித்தன. உள்ளூர் மக்களும் சூழலை நேசிப்போரும் 1999ஆம் ஆண்டிலேயே நீதிமன்றத்தை நாடினர். அந்த வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்து, 2022 செப்டெம்பரிலேதான் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் முடிவு கண்டது. கரையைச் சீர்செய்யும் பொறுப்பு அரசாங்கத்துக்கு உண்டென்பது உறுதியாயிற்று. இயந்திரம் சில நாட்களிற் செய்த வேலைக்கு நீதி கிடைக்க ஒரு தலைமுறைக் காலம் சென்றது.

எனினும் பழி முழுவதையும் ஒரு திரைப்படத்தின்மீது சுமத்திவிடுதல் எளிதான முடிவே தவிரச் சரியான முடிவாகாது. படம் ஆசையை ஊட்டியது; ஆசையை நிறைவேற்றிக் கொடுத்தவை வேறு. மலிவான ஆகாய விமானப் பயணம் ஒன்று. புக்கெற், கிராபி ஆகிய இடங்களிலிருந்து காலையில் ஏற்றிச் சென்று மாலையில் மீட்டுக் கொணரும் வேகப் படகு இன்னொன்று. நீண்ட தண்டின் நுனியில் சுழலியைப் பொருத்தி, மோட்டார் வாகன இயந்திரத்தால் இயக்கப்படும் ‘நெடுவால்’ படகு மற்றொன்று. 2019ஆம் ஆண்டில் தாய்லாந்துக்கு வந்த வெளிநாட்டினர் தொகை நான்கு கோடியை அண்மித்தது. மாயா விரிகுடா மூடப்படுவதற்கு முந்திய காலத்தில், மிகுதியான நாட்களில் 5,000 பேர் வரையும், 200 படகுகள் வரையும் அங்கே வந்தனவென்று அறிக்கைகள் கூறின. கால் கிலோமீற்றர் மணலில் ஐயாயிரம் பேர்! திருவிழாக் கூட்டத்தையும் விஞ்சும் இந்நெரிசலில் நின்றுகொண்டுதான், தனிமையைத் தேடி வந்தவர்கள் தனிமை தோன்றும்படியான புகைப்படங்களை எடுத்துக்கொண்டனர்.

இதனால் விளைந்த கேட்டின் தன்மையை அறிய, கடலின் அடியிலுள்ள முருகைக் கற்பாரைப் பற்றிச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். நெடுந்தீவின் மதில்களிலே நாம் காணும் முருகைக்கல் ஒரு காலத்தில் உயிருள்ள பிராணிகள் கட்டிய வீடு. நுண்ணிய அவ்வுயிர்களின் உடலுள்ளே அவற்றினும் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி சூரிய ஒளியைக் கொண்டு உணவாக்கி முருகைக்குக் கொடுக்கிறது. முருகை அதற்கு இருப்பிடம் கொடுக்கிறது. ஆகையால் ஒளி புகும் தெளிந்த நீர் இல்லையேல் இருசாராருக்கும் வாழ்வில்லை. ஆழமற்ற குடாவினுள் படகின் சுழலி மணலைக் கிளறும்போது நீர் கலங்குகிறது, ஒளி தடைப்படுகிறது. படகு நிற்பதற்கு எறியப்படும் நங்கூரம் கற்பாரை உடைக்கிறது. உருண்டையாக வளரும் பெரிய முருகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளர்வன. நங்கூரம் ஒரு கணத்தில் உடைத்ததை மீட்க ஒரு மனிதனின் ஆயுட்காலம் போதாது. வெயிலுக்காகப் பிரயாணிகள் மேனியிற் பூசும் தைலங்களில் உள்ள சில இரசாயனங்களும் முருகையின் இளம் உயிர்களைப் பாதிப்பதாக ஆய்வாளர் கண்டனர். தேசியப் பூங்காக்களில் அத்தகைய தைலங்களைத் தாய்லாந்து 2021 ஓகஸ்டில் தடைசெய்தது.

2018ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி மாயா விரிகுடா மூடப்பட்டது. நான்கு மாதங்களுக்கு என்று தொடங்கிய தடை, புண் ஆறுவதற்கு அக்காலம் போதாதெனக் கண்டபின் காலவரையறையின்றி நீடிக்கப்பட்டது. இடையே பெருந்தொற்று வந்து உலகின் பிரயாணங்களையே நிறுத்தியது. மூன்றரை ஆண்டுகள் கரை தனித்திருந்தது. பூங்கா அலுவலரும் தொண்டர்களும் கடலடியில் முருகைத் துண்டுகளை நாற்று நடுவதுபோல் நட்டனர். மூடிய சில மாதங்களிலேயே, செட்டை நுனி கறுத்த பார்ச் சுறாக்கள் ஆழமற்ற நீருக்குத் திரும்பின. மனிதரைத் தாக்கும் இயல்பினவல்ல அவை. குட்டிகளைப் பாதுகாப்பாக வளர்ப்பதற்கு அமைதியான குடாவை நாடுவன. அவற்றின் வருகையே குடா உயிர்பெற்றமைக்குச் சான்றாயிற்று.

2022 யனவரி முதலாந் திகதி கரை மீண்டும் திறக்கப்பட்டது. அப்பொழுது விதிக்கப்பட்ட நிபந்தனைகள் ஊன்றி நோக்கத்தக்கவை. படகுகள் குடாவினுள் நுழையக் கூடாது. தீவின் மறுபுறத்திலுள்ள துறையில் ஆட்களை இறக்கவேண்டும். அங்கிருந்து மரப்பலகைப் பாதை வழியே நடந்துதான் கரையை அடையலாம். ஒருவர் ஒரு மணி நேரம் தங்கலாம். ஒரு தடவைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. நீரிற் கால் நனைக்கலாம், நீந்தக் கூடாது.

இந்நிபந்தனைகளை மேலோட்டமாகப் படிப்போர், கூட்டம் குறைக்கப்பட்டதென்றே எண்ணுவர். கணக்குப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது. ஒரு தடவைக்கு 375 பேர் என்ற வரம்பு சிறிதாகத் தோன்றினும், நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரம் கரை திறந்திருப்பின் 4,125 பேர் வந்துபோகலாம். முன்னர் வந்த 5,000 பேருக்கும் இத்தொகைக்கும் பெரிய தூரமில்லை. அப்படியாயின் மாறியது யாது? வருவோரின் தொகையைக் காட்டிலும் வரும் முறையே பெரிதும் மாறியது. நங்கூரமும் சுழலியும் குடாவுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. மனிதர் காலால் நடந்து வந்தனர். இவ்வாறு கற்பாரின்மேல் விழுந்துகொண்டிருந்த அடிகளில் மிகக் கொடியது நீக்கப்பட்டது. முன்பு கடலும் காற்றும் தாமாகவே விதித்திருந்த தூரத்தை, இன்று சட்டம் பலகைப் பாதையாகவும் மணிக்கூட்டுக் கணக்காகவும் செயற்கையாக மீண்டும் உண்டாக்கியிருக்கிறது. பிரயாண விஞ்ஞானம் கோடிக்கணக்கான பொருளைச் செலவிட்டு அழித்த தூரத்தை, அரசாங்கம் வேறு செலவு செய்து திரும்ப அமைக்கவேண்டி நேர்ந்தது.

இந்த ஏற்பாட்டை வெற்றி என்று கொண்டாடுமுன், அதன் விலையை யார் கொடுத்தனர் என்பதையும் கேட்டாக வேண்டும். கரை மூடப்பட்டபோது அதனால் வாழ்ந்த படகோட்டிகளும் சிறு வியாபாரிகளும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதில் வியப்பில்லை. குடாவுக்கு வந்த பணத்தின் பெரும்பகுதி விமான நிறுவனங்களுக்கும், பெரிய விடுதிகளுக்கும், பிரயாண முகவர்களுக்கும் சென்றது. அவர்களுக்கு ஒரு கரை மூடப்பட்டால் இன்னொரு கரை உண்டு. ஒரே ஒரு நெடுவால் படகும் அதன்மேற் பட்ட கடனும் உடையவனுக்கு அந்த வசதி இல்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் பொராக்கே தீவு 2018 ஏப்பிரல் 26 முதல் ஒக்டோபர் 26 வரை ஆறு மாதங்கள் மூடப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. கழிவுநீரைக் கடலில் விடும் குழாய்களை அமைத்தவர்கள் ஒருசாரார். வேலை இழந்தவர்களோ அங்கே சமைத்தும், துடைத்தும், சுமந்தும் பிழைத்த ஆயிரக்கணக்கானோர். இயற்கையைப் பாதுகாக்கும் சட்டம் நியாயமானதே. ஆயின் அதன் பாரம் மெலிந்த தோள்களைத் தேடி இறங்குமாயின், அச்சட்டத்துக்கு உள்ளூரில் நண்பர்கள் இல்லாமற் போவர். உள்ளூரார் விரும்பாத காவல் நெடுநாள் நிலைப்பதில்லை.

மற்றுமோர் எல்லையும் உண்டு. படகுக்கும் நங்கூரத்துக்கும் தடை விதிக்கலாம். கடலின் வெப்பத்துக்குத் தடை விதிக்க இயலாது. நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் முருகை தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளிறிப் போகிறது. வெப்பம் நீடித்தால் பட்டினியால் மாய்கிறது. உலகளாவிய நான்காவது பெரும் வெளிறல் நிகழ்ந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்பிரலில் விஞ்ஞானிகள் அறிவித்தனர். மாயா விரிகுடாவில் நாற்றுப்போல் நடப்பட்ட முருகைகளும் அதே கடலில்தான் வாழ்கின்றன. எனினும் இதனைக் காரணங்காட்டி, உள்ளூர்க் காவல் வீண் என்று கூறுதல் தகாது. காய்ச்சல் கண்டவனை அடிக்காமல் இருப்பதும் ஒரு வைத்தியமே. நங்கூரத்தால் நொறுங்காத கற்பாருக்கே வெப்பத்திலிருந்து மீளும் வலு உண்டு.

இவ்வளவும் பிறநாட்டுச் செய்தி என்று நாம் ஒதுக்கிவிடலாமோ? திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில், புறாமலை என நம்மவர் வழங்கும் புறாத்தீவு இருக்கிறது. மாடப்புறாக்கள் வாழும் பாறைகளும், முருகைத் துண்டுகள் பரந்த சிறு கரையும், அதனைச் சூழ்ந்த கற்பாரும் உடைய அத்தீவுக்கும் படகிலேதான் செல்லவேண்டும். 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் அது பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்கேயும் செட்டை நுனி கறுத்த சுறாக்கள் உண்டு. மாயா விரிகுடாவுக்கு உறவுமுறையான இடம் அது என்று சொன்னால் மிகையாகாது.

புறாமலையையும் ஒரு தூரம் காத்தது. ஆனால் அது கடல் விதித்த தூரம் அன்று. போர்க்காலத்தில் பிரயாணிகள் கிழக்குக் கரைக்கு வர அஞ்சினர். மீனவருக்குத் தம் சொந்தக் கடலே பல காலம் தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. முருகைகள் அக்காலத்தில் ஓய்வுபெற்றன என்று எவரேனும் மகிழ்வாராயின், அந்த ஓய்வுக்கு மனிதர் கொடுத்த விலையை அவர் அறியாதவரே. 2009இல் போர் ஓய்ந்தபின் அத்தூரம் மிக விரைவாக மறைந்தது. பிரயாணிகள் பெருகினர். வற்றுநீரில் கற்பாரின்மேல் ஏறி நிற்போரும், முருகைத் துண்டுகளை நினைவுப் பொருளாக எடுத்துச் செல்ல விரும்புவோரும் அங்கு வந்தனர். அடித்தட்டில் கண்ணாடி பதித்த படகுகள் நாள்தோறும் ஓடிய ஹிக்கடுவைக் கற்பார், 1998இல் ஏற்பட்ட வெளிறலாலும் மனிதரின் நெருக்கத்தாலும் எவ்வளவு சீர்கெட்டதென்பதை இந்நாடு ஏற்கனவே கண்டிருக்கிறது. ஒரே பாடத்தை இருமுறை கற்கவேண்டிய அவசியமில்லை.

கிழக்குக் கரைக்கு இயற்கை ஓர் உதவி செய்திருக்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் தானே கொந்தளித்துப் படகுகளைத் தடுத்துவிடுகிறது. ஆண்டில் சில மாதங்கள் கற்பார் மனிதரிடமிருந்து விடுதலை பெறுகிறது. தாய்லாந்து அரசாங்கம் தெரிந்தெடுத்த இரு மாதங்களும் அங்கே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலமே. பருவத்தை அனுசரித்துக் கடலுக்குச் செல்வதும், பருவத்தை மதித்துக் கரையில் இருப்பதும் நம் மீனவரின் பழைய ஒழுக்கம். அவ்வொழுக்கத்தைச் சட்டத்தின் மொழியில் எழுதுவதே இன்றைய தேவை. படகுகள் நங்கூரம் எறியாமல் கட்டிநிற்க நிலையான மிதவைகள், ஒரு வேளைக்கு இத்தனை பேர் என்ற உறுதியான கணக்கு, கற்பாரின்மேல் கால் படாத நீச்சற் பாதை ஆகியவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல. எல்லாவற்றிலும் முக்கியமானது, நிலாவெளிப் படகோட்டியைப் பூங்காவின் காவலனாகவும் பங்காளியாகவும் ஏற்றுக்கொள்வது. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு அவனுடைய ஊருக்குத் திரும்புமாயின், கற்பாரை உடைக்கும் நங்கூரத்தை முதலில் தடுப்பவன் அவனாகவே இருப்பான்.

நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். கடலுக்குச் சென்றவனை எதிர்நோக்கிக் கரையில் இருப்பவள் இரங்கினாள். இன்று கரையே இரங்கும் காலம் வந்திருக்கிறது. நம் ஆசிரியர்கள் மாணவரைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் நிலாவெளியில் படகேறுவார்களாயின், நீரின்கீழ்க் காணும் வண்ணங்களை மட்டும் காட்டித் திரும்புதல் போதாது. அந்த ஒரு கிலோமீற்றர் தூரம் எதற்காக இருக்கிறது என்பதையும் படகிலேயே சொல்லிக் கொடுக்கட்டும்.